எப்ப வந்தீக? எப்ப போறீக?

இந்த வாரம் தென்னைக்குச் சொட்டுநீர் போட்ட கதையை எழுதுறதாச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். ஆடியும் ஆவணியும் முடிஞ்சு, லீவுல வந்த வெளிநாட்டுக்காரங்க ஒவ்வொருத்தரா பெட்டி கட்டிக்கிட்டு இருக்காங்க. அதைப் பாத்துட்டு இதை எழுதாம இருக்க முடியல. படிச்சுட்டுத் திட்டுறவங்க தாராளமாத் திட்டிக்கலாம். நம்ம ஊரைப் பத்தி நாமதானே பேசிக்கணும்.

அறந்தாங்கி, ஆலங்குடி, பேராவூரணி சுத்துவட்டாரத்துல வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பாத தெரு கிடையாது. சிங்கப்பூர், மலேசியா, சவூதி, குவைத், துபாய். அப்படிப் போனவன் ரெண்டு வருஷம், மூணு வருஷம் கழிச்சு ஊருக்கு வந்து, காலையில டீக்கடைக்கு ஒரு நடை போறான்னு வைங்க. பெஞ்சுல உக்காந்திருக்கவங்க அவன்கிட்ட ரெண்டு கேள்வி கேப்பாங்க. "எப்ப வந்தீக?" அவன் பதில் சொல்லி முடிக்கல, அதுக்குள்ள அடுத்தது: "எப்ப போறீக?"

இந்த ரெண்டு கேள்விக்கும் நடுவுல வேற ஒரு கேள்வியே கிடையாது. உடம்பு எப்படி இருக்கு, சாப்பாடு எப்படி, அங்க வேலை எப்படி, தூங்குறியா, எதுவும் கிடையாது. கேக்குறவங்க யாரும் கெட்டவங்க இல்ல. நாக்குல பழகிப்போன பேச்சு, அவ்வளவுதான். ஆனா நான் சொல்றேன், அது வெறும் பேச்சு இல்ல. "நீ இங்க தங்குற ஆள் இல்ல, போற ஆள்"னு ஊரே சேர்ந்து அவன் நெத்தியில எழுதி ஒட்டுறது அது. அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமலேயே திரும்பப் போனவங்க எனக்குத் தெரிஞ்சு பல பேரு.

நானும் எட்டு வருஷம் சிங்கப்பூர்ல கட்டட வேலை பாத்துட்டு வந்தவன்தான். அதனால திரும்பி வர்றவன் படுற பாடு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியும். விமானத்துல ஏறும்போது இல்ல. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே, "லீவு கிடைச்சிருச்சு"ன்னு வீட்டுக்குச் சொல்ற அன்னைக்கே ஆரம்பிச்சிரும். பெரிய மாமாவுக்குக் கோடாலித் தைலம், சித்திக்கு மலேசியாக் கைலி, மச்சான் புள்ளைக்கு போன், பக்கத்து வீட்டு ஆத்தாளுக்குத் தலைவலித் தைலம், கூடப் படிச்சவனுக்கு ஒரு பாட்டில், சொந்தத்துல நடக்குற காதுகுத்துக்கு ஒரு பவுன். வளைகுடாவுல இருக்கவன்னா பேரீச்சம்பழம், பாதாம், நீடோ பால் பவுடர், டாங், செண்டு, கம்பளி. கையில காசு பத்தாம, ரூம்ல கூட இருக்கவன்கிட்ட கடன் வாங்கித்தான் பாதிப் பேரு இந்தச் சாமானை வாங்குறான். முப்பது கிலோவுக்கு மேல போனா கூடுதல் காசு. அதனால தன் சட்டையை எடுத்து ரூம்லயே போட்டுட்டு, அந்த இடத்துல அடுத்தவன் வீட்டு பால் பவுடரை வைக்கிறான். அட்டைப்பெட்டியைக் கயித்தால நாலு சுத்து சுத்தி, மார்க்கர் பேனாவால பேரும் ஊரும் எழுதுறான். அந்த ஒரு ராத்திரி இருக்கே, அதைப் போல சந்தோசம் வாழ்க்கையில வேற வராது. தூக்கமே வராது.

அடுத்தது விமான நிலையம். இங்கே அரசாங்கத்தையும் ரெண்டு வார்த்தை கேட்டாகணும். 2016-ஆம் வருசத்து பேக்கேஜ் விதிப்படி, ஒரு வருசத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்துட்டு வர்ற ஆம்பள 20 கிராம் நகை வரியில்லாமக் கொண்டு வரலாம், பொம்பளைன்னா 40 கிராம்னு இருந்துச்சு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. கூடவே ஒரு கொக்கி: ஆம்பளைக்கு அதோட மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, பொம்பளைக்கு ஒரு லட்சம்னு வச்சிருந்தாங்க. 2024-லேயே பவுன் அம்பத்தஞ்சாயிரத்தைத் தொட்டுருச்சு. அப்ப 20 கிராம்னு எழுதி வச்சதுக்கு என்ன அர்த்தம்? ஒரு பவுன் மோதிரம் கூட அந்தக் கணக்குல அடங்கல. டிவி கதையும் அப்படித்தான். முன்னாடி ஆளுக்கொரு டிவியைத் தூக்கிட்டு வந்தாங்க. 2013 ஆகஸ்ட் 26-லேருந்து அதுக்கு வரி. வரி போடுறது அரசாங்கத்தோட உரிமை, அதை நான் மறுக்கல. வெயில்ல சாரம் கட்டி நின்னு சம்பாதிச்சவன், பொண்டாட்டிக்கு ஒரு சங்கிலி வாங்கிட்டு வந்து, கடத்தல்காரன் மாதிரி வேர்த்து விறுவிறுத்து நிக்கிறானே, அதைத்தான் கேக்குறேன். ஒரு தடவை நான் வந்தப்ப பெட்டிக் கயித்தை அறுத்து எல்லாத்தையும் வெளியில எடுத்துப் போட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சதும் "போ"ன்னாங்க. அறுத்த கயித்தை யார் கட்டுறது? துண்டால பெட்டியைக் கட்டித் தூக்கிட்டு வந்தேன். எந்த ஊர், எந்த ஆபீசர்ங்கிறது இப்ப முக்கியம் இல்ல. எத்தனையோ பேருக்கு நடந்ததுதான்.

ஆனா அந்த அவமானம் ஒரு மணி நேரத்துல மறந்துபோகும். வெளியில வந்தா தம்பியும் மச்சானும் கார் வச்சுக்கிட்டு நிப்பாங்க. ஊர் எல்லைக்குள்ள வண்டி நுழையும்போது, மழை பேஞ்ச செம்மண்ணு வாசம் வரும் பாருங்க, அதுக்கு முன்னாடி எந்த செண்டும் நிக்காது. வீட்டுல பழைய சோறும் கருவாட்டுக் கொழம்பும். போர்த் தண்ணித் தொட்டியில விழுந்து ஒரு குளியல். மூணு வயசுப் புள்ள அம்மா முந்தானைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு "இது யாரு?"ன்னு பாக்கும். சாயங்காலத்துக்குள்ள மடியில ஏறிரும். இந்த மூணு நாள்தான் அவனுக்குச் சொந்தமான நாள். நாலாவது நாள்லேருந்து அவன் ஊருக்குச் சொந்தம்.

என் பெரியப்பா மகன் கதையைச் சொல்றேன். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். பேர் மட்டும் வேணாம்னாரு. அண்ணனுக்கு இப்ப வயசு 51. தொண்ணூறு தென்னை வச்சிருந்தாரு. 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல்ல எழுபத்தொண்ணு சாஞ்சிருச்சு. நம்ம பக்கத்துல அந்தப் புயல்ல மரத்தைப் பறிகொடுக்காதவன் யாரு? தென்னை சாஞ்சா அடுத்த வருசம் வேற பயிர் வச்சுச் சமாளிக்கிற கதை இல்ல. கன்னு வச்சு, பாளை வர அஞ்சாறு வருசம் ஆகும். அதுவரைக்கும் சோத்துக்கு என்ன வழி? 46 வயசுல சவூதிக்கு டிரைவர் வேலைக்குப் போனாரு. போறதுக்கு முன்னாடி புதுக் கன்னுகளை நட்டுட்டுப் போனாரு. அண்ணிதான் தண்ணி ஊத்தி, ஆடு கடிக்காம வேலி கட்டி, ஆளாக்குனாங்க. இந்த ஆடியில அண்ணன் லீவுல வந்தப்ப மரமெல்லாம் பாளை விட்டிருந்துச்சு. மனுசன் தோப்புக்குள்ளயே கட்டிலைப் போட்டுட்டாரு. உடம்புல சுகர் வேற ஏறியிருக்கு. "தம்பி, போதும்டா. இனிமே போகல. எக்ஸிட் வாங்கிர்றேன்"னாரு. எனக்கு அன்னைக்குப் பண்டிகை மாதிரி இருந்துச்சு.

இப்ப வர்ற வியாழக்கிழமை அவருக்கு டிக்கெட் போட்டாச்சு. திரும்ப சவூதிக்குத்தான்.

ஏன்? கணக்கைப் பாருங்க. ரெண்டு மாச லீவுல ஆன செலவு. சாமான் 1,10,000. கோயில் திருப்பணிக்கு 25,000. ஊர்ல தலைக்கட்டு வரி 3,000-தான், "நீங்க வெளியில இருக்கவுக"ன்னு சொல்லி இதை வாங்கிட்டாங்க. தங்கச்சி மக காதுகுத்துச் சீர் 80,000. கைமாத்தாக் கேட்டவங்களுக்குக் குடுத்தது 45,000. ஆடி, ஆவணி மொய் மட்டும் 1,60,000. மொத்தம் 4,20,000 ரூபாய். அண்ணன் அங்க சாப்பாடு, போன் செலவு போக மாசம் மிச்சம் பிடிக்கிறது 27,000. பதினஞ்சு மாசச் சம்பாத்தியம் ரெண்டு மாசத்துல காலி. ஊருக்கு வந்து போன செலவை அடைக்கவே அவர் திரும்பப் போயாகணும்.

மொய்யைப் பத்திப் பேசினா நம்ம ஆளுங்களுக்குக் கோவம் வரும். தெரிஞ்சுதான் பேசுறேன். மொய் விருந்து நல்ல ஏற்பாடு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், பேராவூரணி பக்கமெல்லாம் வட்டியில்லாம, ஜாமீன் இல்லாம, ஒருத்தன் கஷ்டத்துல இருந்து எந்திரிக்க ஊரே கை குடுக்குற வழி அது. என் தோட்டத்துல ஓடுற போர் மொய்ப் பணத்துல போட்டதுதான். கறிச்சோறு போட்டு, அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை வர்றதை வாங்கி, அப்புறம் ஒவ்வொருத்தருக்காத் திருப்பிச் செய்யிறோம். ஆனா மொய் வெறும் அன்பு இல்ல, அது கடன். கடன் குடுக்குறவன் மனசுல ஒரு கணக்கு ஓடும்: இவன் திருப்பிச் செய்வானா? வெளிநாட்டுல இருக்க வரைக்கும் செய்வான். அதனாலதான் மொய் நோட்டுல அண்ணன் பேருக்கு முன்னாடி ஊர்ப் பேர் எழுதாம "சவூதி"ன்னு எழுதுறாங்க. அவர் வீட்டுக்கே "சவூதியார் வீடு"ன்னு பேராகிப்போச்சு.

அடுத்த வருசம் அண்ணனோட மொய் முறை. இந்த நேரத்துல எக்ஸிட்டுன்னு ஊருக்குள்ள சொன்னா என்ன ஆகும்னு சொந்தத்துல ஒரு பெரிய மனுசரே அவர்கிட்டச் சொல்லிட்டாரு: "இப்பப் போயி வந்துட்டேன்னு சொன்னீகன்னா எழுதுற கை கொஞ்சம் இழுக்கும்ப்பு. ஒரு ரெண்டு வருசம் தள்ளிப் பாருங்க." அவர் அக்கறையாத்தான் சொன்னாரு. அதுதான் எனக்கு வயிறு எரியுது. அண்ணனை இப்ப ஏத்தி அனுப்புறது அரபிக்காரன் இல்ல. அவன் ரீ-என்ட்ரி அடிச்சுக் குடுத்து, வந்தா வா வராட்டிப் போன்னு இருக்கான். ஏத்தி அனுப்புறது நாம.

இதுக்கு என்னென்ன பதில் வரும்னு தெரியும். ஒண்ணொண்ணாப் பாப்போம்.

"வெளிநாட்டுக் காசு வரலைன்னா ஊர்ல மச்சு வீடு ஏது, புள்ளைக இஞ்சினியரிங் படிச்சது எப்படி?"ன்னு கேப்பீக. வாஸ்தவம். கஜாவுக்குப் பிறகு பல குடும்பம் தல நிமிர்ந்ததே அந்தக் காசுலதான். அந்தக் காசை அனுப்புனவனுக்கு நாம பட்ட நன்றி இதுதானா? வீடு கட்டுனவன் அந்த வீட்டுல தொடர்ந்து ஒரு வருசம் படுத்துத் தூங்க வேணாமா? ஔவையார் கடல் கடந்து பொருள் தேடச் சொன்னது உண்மைதான். தேடிட்டுத் திரும்பி வர்றவன்கிட்ட "எப்ப போறே"ன்னு கேக்கச் சொல்லி அந்தக் கிழவி எங்கேயும் சொல்லல.

"அவனுகதான் பந்தா காட்டுறானுக. கூலிங்கிளாஸும் செண்டுமா வந்தா கேக்கத்தான் செய்வோம்"னு ஒரு பேச்சு. சரி, அவன் செண்டு அடிக்காம, பழைய சட்டையோட, ஒரு பையை மட்டும் தூக்கிட்டு வந்து இறங்கட்டும். அன்னைக்குச் சாயங்காலமே "ஏதோ பிரச்சனையாம்ல"ன்னு தெரு பேசுமா பேசாதா? பந்தாவை அவன் கொண்டு வரல. ஊருக்குள்ள நுழைய நாம கேக்குற சுங்கவரி அது. விமான நிலையத்து வரிக்காவது ரசீது குடுக்குறாங்க.

"விவசாயத்துல என்ன இருக்கு, இங்க உக்காந்து என்ன செய்வான்?" இதைச் சொல்றவங்க யாரு? களை எடுக்க ஆள் கிடைக்கல, தேங்காய் வெட்ட ஆள் கிடைக்கல, பூ எடுக்க ஆள் கிடைக்கலன்னு தினமும் பொலம்புற நாமதான். ஆள் இல்லைன்னு அழுகிறோம், வந்த ஆளையும் விரட்டுறோம். தோப்பு இருக்கு, மரம் பாளை விட்டிருக்கு, மனுசனுக்கு ஆசையும் இருக்கு. இதை விட ஒரு விவசாயிக்கு என்ன தகுதி வேணும்?

இன்னொண்ணு, அந்த "எக்ஸிட்"ங்கிற சொல்லு. வேலையை முடிச்சுட்டு ஒரேயடியா ஊருக்கு வர்றதுக்கு அங்க வச்ச பேரு. நம்ம ஊர்ல அதை "இன்னாருக்கு எக்ஸிட்டாம்"னு, எழவு சொல்ற குரல்ல சொல்றோம். எங்க தெருவுல ஒருத்தர் 2013-ல சவூதியில நிதாகத் சட்டத்தைக் கடுமையாக்குனப்ப வேலை போயி வந்தாரு. இன்னைக்கு ஒரு ஏக்கர் மல்லிகை வச்சு, ரெண்டு பொண்ணைப் படிக்க வச்சுட்டாரு. விடியக்காலை மூணு மணிக்கு நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டுப் பூ எடுக்கப் போவாரு. அந்த மனுசனை இன்னமும் "தோத்துட்டு வந்தவன்"னு பேசுற ஆள் இருக்கு. தன் புள்ளைக முகத்தைப் பாத்துக்கிட்டு, தன் நெலத்துல வேலை செஞ்சு, தன் வீட்டுல படுக்கிறவன் தோத்தவனா?

கூட்டங்கூட்டமாத் திரும்பி வந்த காலமும் உண்டு. 1990-ல குவைத்துக்குள்ள ஈராக் புகுந்தப்ப ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்களை விமானத்துல ஏத்திக் கொண்டு வந்தாங்க. 2020 கொரோனாவுல வந்தே பாரத் விமானத்துல வேலையும் இல்லாம, பாக்கிச் சம்பளமும் இல்லாம எத்தனை பேரு வந்தாங்க. அப்ப ஊரு என்ன செஞ்சுச்சு? பத்தடி தள்ளி நின்னுச்சு. சாமானை வாங்கக்கூடக் கை நீளல. நோய்க்குப் பயந்தோம், அது மனுச சுபாவம், போகட்டும். நோய் போன மறுநாளே பழைய கேள்வி திரும்ப வந்துருச்சே, அதைத்தான் சொல்றேன்.

இப்படி ஊர் ஒதுக்குறதால என்ன நடக்குது தெரியுமா? திரும்பி வந்தவன் அவசரப்படுறான். "சும்மா உக்காந்திருக்கான்"னு ஒரு சொல் வந்துருமேன்னு பயந்து, வந்த மூணாவது மாசமே எதுலயாவது காசைப் போடுறான். புரோக்கர் காட்டுற தண்ணி இல்லாத மனையை வாங்குறான். முன்னாடி ஈமு கோழியில போட்டு இழந்தவங்க எத்தனை பேரு. ஆறு மாசம் பொறுமையா உக்காந்து, மண்ணைப் பாத்து, தண்ணியைப் பாத்து, சந்தையைப் பாத்து இறங்கியிருந்தா அந்தக் காசு நின்னிருக்கும். அந்த ஆறு மாசத்தைக் குடுக்க ஊருக்கு மனசு இல்ல.

அரசாங்கமும் கை கட்டிக்கிட்டு இல்ல. கேரளாவுல வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு 1996-லேயே தனித் துறை வச்சாங்க. திரும்பி வந்தவன் தொழில் தொடங்கக் கடனும் மானியமும், வயசான பிறகு பென்சனும் இருக்கு. நம்ம மாநிலத்துல 2021-ல அயலகத் தமிழர் நலனுக்குத் துறை வந்துச்சு, வாரியம் இருக்கு, ஜனவரி 12-ல விழா எடுக்குறாங்க. நல்லது. விழா மேடையில கோட் போட்டவங்க பக்கத்துல சவூதி டிரைவரும் சிங்கப்பூர்க் கொத்தனாரும் உக்காரணும். திரும்பி வந்து விவசாயம் பாக்க நெனைக்கிறவனுக்கு என்ன உதவி கிடைக்கும்னு ஒன்றிய அலுவலகத்துக்கு ஒருத்தர் உக்காந்து சொல்லணும். இது அவங்களுக்கு நான் சொல்றது.

நமக்குச் சொல்றதுக்கு எந்தச் சட்டமும் வேணாம். வந்தவன்கிட்ட முதல் கேள்வியா "உடம்பு நல்லாருக்கா"ன்னு கேளுங்க. "எப்ப போறே"ங்கிறதை அவனா சொல்ற வரைக்கும் கேக்காதீங்க. கோயில் வரி எல்லாருக்கும் என்னவோ அதையே அவன்கிட்டயும் வாங்குங்க, சாமிக்கு சவூதித் தலைக்கட்டு, உள்ளூர்த் தலைக்கட்டுன்னு கிடையாது. லீவுல வந்திருக்கவன் வீட்டுக்கு மொய்ப் பத்திரிகை வைக்கும்போது, அவன் வாங்குனதை மட்டும் செஞ்சாப் போதும்னு வாய் திறந்து சொல்லுங்க. மொய் நோட்டுல பேருக்கு முன்னாடி அவன் ஊர்ப் பேரை எழுதுங்க, நாட்டுப் பேர் வேணாம். சாமான் லிஸ்டு குடுக்குறதை நிறுத்துங்க. கோடாலித் தைலம் அறந்தாங்கிக் கடையிலயே கிடைக்குது.

அண்ணனோட மொய் முறை அடுத்த ஆடியில வருது. அவர் சவூதியில இருந்தாலும் சரி, தோப்புல இருந்தாலும் சரி, எழுத வேண்டியதைக் குறைக்காம எழுதுவோம்னு நாங்க பங்காளிக ஏழு பேரு சொல்லியாச்சு. நேத்து ராத்திரி அவர் வீட்டுத் திண்ணையில வச்சே சொன்னோம். அவர் ஒண்ணும் பேசல. வியாழக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. ஏழு பேரு பத்தாது. இதைப் படிக்கிற நம்ம ஊர்க்காரங்க யாராவது அதுக்குள்ள அவரைத் தோப்புல போயிப் பாத்து, "இருங்க, பாத்துக்கலாம்"னு ஒரு வார்த்தை சொன்னா நல்லது. டிக்கெட்டை ரத்து பண்ணினா கொஞ்சம் காசு போகும். போகட்டும்.